அற்றோணிப் பத்திரத்துக்கு அப்பா போட்ட பிளாஸ்டிக்

எங்கள் தொழிலில் எந்தப் பேச்சும், யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்லாமல் தொடங்காது. தொலைபேசியில் பதினாறு பேர் கூடினாலும் முதல் பத்து நிமிடம் அதற்கே போகும். பழக்கதோஷம், இதையும் அப்படியே தொடங்குகிறேன்.

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு, ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான். மேசையில் இருந்தவை: பாண், சம்பல், அப்பாவின் லமினேற் மெஷின், ஓர் அற்றோணிப் பத்திரம். இல்லாதவர்கள்: வளைகுடாவில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்த என் மூத்த வழக்கறிஞர், அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த வங்கி மனிதர், பிளாஸ்டிக்குக்குள் போன கடதாசி சட்டப்படி இன்னும் கடதாசிதானா என்று சொல்லக்கூடிய ஒருவர். அன்றைக்கு எனக்கு மிகவும் தேவைப்பட்டவர் அந்த மூன்றாவது ஆள்தான்.

"வடிவா வந்திருக்குப் பார்," என்றார் அப்பா. "ஒரு குமிழி இல்லை."

உண்மைதான், ஒரு குமிழியும் இல்லை. மூலைகள் நான்கும் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன.

"அப்பா, இதை ஏன் செய்தனீங்கள்?"

"ஏனெண்டு கேக்கிறாய். மீன்குழம்புச் சட்டி வைக்கிற மேசையிலை அரசாங்கச் சீல் குத்தின கடதாசியை விட்டிட்டுப் படுக்கப் போறாய். ஆர் அதைப் பாக்கிறது?"

"நான் சொன்னனான், பெடியனைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ எண்டு," என்றார் அம்மா.

"நீர் எங்கை சொன்னனீர்? மூலையை வட்டமா வெட்டுங்கோ, கையிலை குத்தும் எண்டெல்லோ சொன்னனீர்."

அம்மா சம்பலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் நான் பயிற்சி வழக்கறிஞன். வளைகுடா நாடுகளில் சூரிய மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று பெரிய பெரிய கட்டுமானங்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்கும்போது, அந்தக் கடனுக்கான பத்திரங்களை எழுதுவது எங்கள் பிரிவு. சேர்ந்த புதிதில் இதை அப்பாவுக்கு விளக்கியிருந்தேன். அவர் நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டார்:

"வெயில் அங்கை. கறன்ற் அங்கை. காசு ஆற்றையோ. நீங்கள் இஞ்சை பனிக்குள்ளை இருந்து என்ன செய்யிறியள்?"

"கடதாசி எழுதுறம் அப்பா."

"அப்ப நல்ல வேலை," என்றார். கடதாசி என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா எட்டு. அப்பா இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது தன்னைத் தான்தான் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அதை நிரூபிக்க நான்கு வருடம் போனது. அதற்குப் பிறகு கைக்கு வந்த எந்தக் கடதாசியையும் அவர் சும்மா விட்டதில்லை. குடியுரிமைக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், என் நீச்சல் சான்றிதழ், கோயில் அர்ச்சனைச் சீட்டு, கீழ்த்தளத்து உடுப்புத் தோய்க்கும் முறை அட்டவணை, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். என் சட்டப் பட்டத்தையும் போட்டுவிட்டார். வேலையில் சேர்ந்த அன்று ஆளணிப் பிரிவுப் பெண் அதில் துளை போடப் பார்த்தார், துளையிடும் கருவி உடைந்தது. இன்றைக்கும் மற்ற எல்லோருடைய பத்திரங்களும் கோப்புக்குள் கோர்த்திருக்க, என்னுடையது மட்டும் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது.

அப்பா இப்போது லமினேற் பண்ணாத ஒரே பொருள் கடைத் துண்டு. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் இந்த மெஷினை வாங்கிய அன்று, முதன்முதலாக உள்ளே விட்டது அதே மெஷினின் பற்றுச்சீட்டைத்தான். சூடு பட்டால் கறுக்கிற கடதாசி அது. மறுபக்கத்தால் கன்னங்கரேலென்று வந்ததாம். இரண்டு வருட உத்தரவாதம் முதல் நிமிடத்திலேயே போய்விட்டது.

இனி அந்த அற்றோணிப் பத்திரம். கடன் கொடுப்பவர்கள் பணத்தை விடுவிக்க முன்னர் இன்னின்ன பத்திரங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எங்கள் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு இலக்கங்கள். கிடைத்தது பச்சை, கிடைக்காதது மஞ்சள். அந்தப் பட்டியலுக்குக் காவல் நான். புதன்கிழமை மாலை நூற்றுப் பதினொன்று பச்சை. மஞ்சளாக நின்றது எண்பத்தேழாம் இலக்கம் ஒன்றுதான்: ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் வங்கி, தனக்காக அங்கே கையெழுத்து வைக்கும்படி வளைகுடா வழக்கறிஞர் ஒருவருக்குக் கொடுத்த அற்றோணி. ஒற்றைத் தாள். ஒரு பக்கம் ஆங்கிலமும் அரபியும், மறுபக்கம் முத்திரைகள். கையெழுத்தை உறுதிசெய்யும் நொத்தாரிசின் முத்திரை விழுந்துவிட்டது, வெளியுறவு அமைச்சின் முத்திரையும் விழுந்துவிட்டது. அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரைதான் மிச்சம். தூதரகம் காலை ஒன்பதுக்குத் திறந்து பன்னிரண்டுக்குப் பூட்டும். நேரே வீட்டிலிருந்து போகலாம் என்று பத்திரத்தைக் கொண்டுவந்தேன்.

வியாழன் தவறினால் அங்கே வெள்ளி, சனி விடுமுறை. வங்கிகள் ஒத்துக்கொண்ட வட்டி வியாழனோடு காலாவதி. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இன்னும் நான்கு வாரம் பாக்கி. அந்த நான்கு வாரத்துக்குள் ஒரு மின்நிலையத்தை நிறுத்தியவனை யார் வைத்திருப்பார்கள்?

அம்மா தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். ஒரு மூலையைச் சூடாக்கி மெல்ல உரித்தேன். பிளாஸ்டிக் வந்தது. கூடவே அரபியில் முதல் வரியின் பாதியும் வந்தது.

"விடு விடு," என்றார் அப்பா. "நல்ல சாமானைப் பழுதாக்காதை."

வளைகுடாவில் எங்களோடு வேலை செய்யும் சட்ட நிறுவனத்தில் பத்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் ஒரு மதுரைக்காரர். நானும் அவரும் ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் பேசுகிறோம், ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அவருக்கு எடுத்தேன். அங்கே ஒன்பதரை.

"சார், குட்மார்னிங். எண்பத்தேழு வந்துருச்சா?"

"ஒரு சின்னப் பிரச்சினை அண்ணை. அப்பா அதை லமினேற் பண்ணிப்போட்டார்."

மறுமுனையில் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"ஃபுல்லாவா சார்?"

"ஓம். ரெண்டு பக்கமும்."

"எங்க அப்பா ரேஷன் கார்டைப் பண்ணாரு சார், நாப்பது வருஷமா அப்படியே இருக்கு. ஆனா இங்க ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டர்ல கையால தொட மாட்டாங்க. நீங்க எம்பசிக்குப் போய்ப் பாருங்க. உங்க சீனியர் மேடம்கிட்ட இப்ப சொல்ல வேணாம். பன்னெண்டு மணி கான்ஃபரன்ஸ் கால்ல பாத்துக்கலாம். உங்க டைம் பன்னெண்டு."

அப்பாவுக்கு அன்றைக்கு ஓய்வுநாள். மற்ற நாட்களில் பஸ் டிப்போவில் விடிய முன்னர் பஸ் கழுவப் போய்விடுவார். "நான் கொண்டுபோய் விடுறன்," என்று சாவியை எடுத்தார். "தேபானா ரயிலிலை போய் நீ எப்ப சேர்றது?"

தூதரகக் கவுண்டரில் இருந்தவர் சாந்தமான மனிதர். பத்திரத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் சுண்டினார், டக் என்றது. முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். மை பிளாஸ்டிக்கின் மேல் முத்துமுத்தாய்த் திரண்டு ஓரத்தை நோக்கி ஓடியது. அப்பா சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் நீட்டினார். அவர் துடைத்தார். இன்னொருமுறை குத்தினார். இன்னொருமுறை துடைத்தார். மூன்றாம் முறை பலமாக அழுத்தினார். முத்திரை வழுக்கிக்கொண்டு போய் அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் விழுந்தது. தெளிவாக, முழு வட்டமாக விழுந்தது. அன்று காலை அந்த நாட்டு அரசு அதிகாரபூர்வமாக உறுதிப்படுத்திய ஒரே பொருள் அந்தக் கைமடிப்புத்தான்.

"இதை யார் செய்தது?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

அப்பா கையை உயர்த்தினார். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்.

அவர் அப்பாவைப் பார்த்தார். வட்டமாக வெட்டிய மூலைகளைப் பார்த்தார். "நல்ல வேலை," என்றார். "உண்மையாகவே நல்ல வேலை. ஆனால் பன்னிரண்டுக்கு முன் எனக்கு ஒரு கடதாசி கொண்டுவாருங்கள்."

காருக்குள் ஏறியும் அப்பா காரை எடுக்கவில்லை. ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, இதாலை உன்ரை வேலைக்கு ஏதும் வருமோ?"

"தெரியாது அப்பா."

"முதல்லை இருந்து செய்யிறதெண்டா என்னென்ன வேணும்? சொல்லு."

சொன்னேன். கையெழுத்துப் போடாத பிரதிகள் இரண்டு என் பையில் இருந்தன, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாக அச்சடிப்பது என் வழக்கம். வங்கி மனிதர் நொத்தாரிசின் முன்னால் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு அமைச்சு. பிறகு தூதரகம். நேரம் ஒன்பது இருபது.

வங்கி மனிதரின் செயலாளருக்கு எடுத்தேன். "அவர் இன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறார்," என்றார். புதுப்பனி கொட்டியிருந்த வியாழக்கிழமை. ஒஸ்லோவில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கைத்தொலைபேசியில் பிடித்தபோது மூச்சு வாங்கினார். மலை மேல், ரயிலின் கடைசித் தரிப்புக்குப் பக்கத்தில், பனிச்சறுக்குப் பாதையில் நின்றார். வீட்டிலிருந்து என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். முப்பது கோடி டொலர் கடனுக்குக் கையெழுத்து வைக்கும் மனிதர். ஒரு சுளையை அப்பாவுக்கும் நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார்.

அவருடைய பனிச்சறுக்குக் கட்டைகள் ஆளைவிட நீளம். பின் கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்து, முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவால் விட்டோம். வளைவுகளில் அவற்றின் நுனி அப்பாவின் காதைத் தொட்டுத் தொட்டு வந்தது.

"என்ன பிரச்சினை என்று சரியாக விளங்கவில்லையே," என்றார் வங்கி மனிதர் பின்னால் இருந்து.

"பத்திரம் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிப் பாதுகாக்கப்பட்டுவிட்டது," என்றேன். பொய் சொல்லவில்லை.

நொத்தாரிசின் அலுவலகத்துக்குள் பனிச்சறுக்குச் சப்பாத்தோடு டொக், டொக் என்று நடந்து போனார். அடையாளம் கேட்டார்கள். நல்லவேளை, முதல் நாள் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த கடவுச்சீட்டு முதுகுப்பையிலேயே இருந்தது. கெட்டவேளை, பக்கத்தில் கோப்பிப் போத்தலும் இருந்தது. கடவுச்சீட்டு மண்ணிறத்தில் ஊறி, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தது. நொத்தாரிசு அதை இரண்டு விரலால் பிரித்தார். படம் தெரிந்தது. பெயரும் ஒருமாதிரித் தெரிந்தது.

அப்பா என் காதுக்குக் கிட்ட வந்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார். "ஆனா ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தா..."

"அப்பா!"

"சரி சரி."

கார் கண்ட இடத்தில் நின்றது. திரும்பி வந்தபோது முன்கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு. அப்பா அதை எடுத்து நான்காக மடித்துச் சூரியமறைப்புக்குள் சொருகினார். அமைச்சில் வரிசை இல்லை. தூதரக வாசலுக்கு வந்தபோது பதினொன்று ஐம்பது. அப்பா இன்னொரு கண்ட இடத்தில் காரை விட்டார்.

கவுண்டர்க்காரர் கைமடிப்பைச் சுருட்டி விட்டிருந்தார். புதிய தாளை வாங்கி முதலில் சுண்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. தலையாட்டினார். ஒரே குத்து. மை அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்து, "இதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்," என்றார்.

காருக்குள் இருந்தபடியே கைத்தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். மூலப் பத்திரம் பின்னால் கூரியரில் போகும், அன்றைக்குப் பதிவுக்குப் படம் போதும். அனுப்பி முடிய பன்னிரண்டு. தொலைபேசி மாநாடு தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

வழமைபோல ஒவ்வொரு தரப்பாக யார் யார் என்று சொன்னார்கள். கடன் வாங்குபவர்கள், கட்டுபவர்கள், மூன்று வங்கிகள், காப்புறுதிக்காரர். மதுரைக்காரர் தன்னைச் சொல்லி, "எண்பத்தேழு இப்பதான் வந்தது," என்று ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார். கடைசியாக என் மூத்த வழக்கறிஞர் கேட்டார்:

"ஒஸ்லோவில் யார்?"

எங்கள் தொழிலில் இது ஒரு கண்டிப்பான விதி. கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரையும் அறிவிக்க வேண்டும். ஒருவரை மறைத்தால் பிறகு வழக்காகவே வரலாம். நான் விதிகளைக் கவனமாகப் படித்து வந்தவன்.

"நான்," என்றேன். "வங்கியிலிருந்து கையெழுத்து வைத்தவர். மற்றது, என் அப்பா."

வங்கி மனிதர் தோடம்பழம் சப்புவது மட்டும் கேட்டது.

"உன் அப்பா," என்றார் மூத்த வழக்கறிஞர். "அவர் யாருடைய தரப்பு?"

"என் தரப்பு," என்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கியதும் தொலைபேசியை நோக்கி, "ஹலோ," என்றார். பதினாறு பேரும் ஹலோ சொன்னார்கள்.

அதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. மேசை, மீன்குழம்பு, மெஷின், முடி காயவைத்தது, கைமடிப்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எண்பத்தேழு இப்போது பச்சையா?" என்று கேட்டார் மூத்த வழக்கறிஞர்.

"பச்சை."

"நன்றி. அடுத்தது எண்பத்தெட்டு."

அவ்வளவுதான். அங்கே பதிவு நடந்தது, பணம் நகர்ந்தது. மாநாடு முடிந்ததும் மதுரைக்காரரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "அப்பாவுக்கு வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க சார். தங்கமான மனுஷன். பேப்பரோட கிட்ட மட்டும் போயிராதீங்க."

அப்பா காரை எடுக்க முன் இறங்கி, முன்கண்ணாடியில் இருந்த இரண்டாவது துண்டை எடுத்து, முதலாவதோடு சேர்த்துச் சொருகினார்.

நான்கு வாரம் கழித்துத் தகுதிகாண் காலம் முடிந்ததாக, நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக நிறுவனம் கடிதம் தந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை லமினேற் பண்ணலாமோ? இல்லாட்டி இன்னும் ஏதும் சீல் குத்த இருக்கோ?"

"பண்ணுங்கோ அப்பா."

பிறகு ஒரு பெட்டி வந்தது. இந்தத் தொழிலில் பெரிய கடன் ஒன்று முடிந்தால், பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவுப்பொருள் கொடுப்பார்கள். கண்ணாடிபோன்ற தடித்த பிளாஸ்டிக் கட்டி, அதற்குள் ஒப்பந்தத்தின் முதல் பக்கம் சின்னதாக அச்சடித்துப் புதைத்திருக்கும். என் மூத்த வழக்கறிஞரின் யன்னல் ஓரத்தில் அப்படி முப்பது இருக்கின்றன. எனக்கு அது முதலாவது. மேசையில் வைத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் சுண்டினார். உள்ளே இருந்த கடதாசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவையளும் லமினேற்தான் பண்ணியிருக்கினம்," என்றார். "கொஞ்சம் தடிப்பா."

"மூலையை வெட்டேல்லை," என்றார் அம்மா. "கையிலை குத்தும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காரைத் துப்புரவாக்கப் போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு வெள்ளைத் துண்டுகள்.

"இஞ்சேருங்கோ, இது என்ன? மறைப்புக்குள்ளை இருந்தது. பார்க்கிங் தண்டமோ? எவ்வளவு போட்டிருக்கிறாங்கள்?"

நொத்தாரிசுக் கட்டணம், தூதரகக் கட்டணம், கூரியர், எல்லாவற்றையும் நிறுவனம் கொடுத்தது. தண்டத்தை எந்தச் சட்ட நிறுவனமும் கொடுக்காது. நானும் அப்பாவும் பாதிப் பாதியாய் அன்றைக்கே கைத்தொலைபேசியில் கட்டி முடித்திருந்தோம், அம்மாவுக்குச் சொல்லவில்லை. அரிசி இருபது குரோனர் மலிவு என்று நகரத்தின் மறுகரைக்குப் பஸ் ஏறுகிற ஆள் அவர். அம்மா துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி அறைக்குள் போனார்.

அப்பா எழும்பி மெஷினின் சுவிட்சைப் போட்டார்.

"இஞ்சை கொண்டா," என்றார். "தொலைஞ்சுபோகாமல் பத்திரப்படுத்துவம்."

"அப்பா," என்றேன், "அது கடைத் துண்டு மாதிரியான கடதாசியெல்லோ?"

"தெரியும்," என்றார்.

அம்மா கண்ணாடியோடு வந்தபோது மறுபக்கத்தால் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு குமிழி இல்லை. பக்கம்பக்கமாக இரண்டு துண்டுகள், இரண்டும் கன்னங்கரேல். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கத்தரிக்கோலை எடுத்து மூலைகளை வட்டமாக வெட்டத் தொடங்கினார். அது இப்போது குளிர்சாதனப் பெட்டியில், தோய்க்கும் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அதில் எழுதியிருந்த தொகை அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்: இரண்டு துண்டும் சேர்த்து, ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது குரோனர்.